விடை கேட்காத வீட்டுப்பாடம்

ஐம்பத்திரண்டு நோட்டுகளிலும் ஒரே இடத்தில் மைனஸ் குறி காணாமல் போயிருந்தது. ஏழாவது கணக்கு, மூன்றாவது வரி. முதல் நோட்டில் பார்த்தபோது கவனக்குறைவு என்று சுழித்தேன். பத்தாவது நோட்டில் சந்தேகம் வந்தது. முப்பதாவது நோட்டில் எழுந்து போய், பிள்ளைகள் பேருந்து நிலையத்தில் வாங்கும் கைடு ஒன்றை நூலகத்தில் தேடி எடுத்துப் பார்த்தேன். அச்சிலேயே மைனஸ் இல்லை. அச்சடித்தவர் விட்டதை ஐம்பத்திரண்டு பேரும் பயபக்தியோடு விட்டிருந்தார்கள். கடைசி விடை மட்டும் கைடிலும் சரி, இவர்களுக்கும் சரி. நடுவில் தப்பான வரியிலிருந்து சரியான விடைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தோம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் ராசிபுரத்துக்கு அப்பால் இருக்கும் ஒரு பாலிடெக்னிக்கில் கணக்கு வாத்தியாரம்மா. சேலம் அம்மாபேட்டையில் வீடு. இருபது வருடமாகக் காலையில் காலேஜ் பஸ்ஸில் ஏறி, மாலையில் அதே பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டு திரும்புகிறேன். எனக்குக் கோபம் வந்தால் சத்தம் போடத் தெரியாது. ஏதாவது புது வேலையை இழுத்துத் தலையில் போட்டுக்கொள்வேன். அந்த வாரம்தான் ஆசிரியர் பயிற்சி ஒன்றுக்குப் போய்வந்திருந்தேன். தொழிற்படிப்புப் பிள்ளைகளுக்கு ஒரே விடை உள்ள கணக்கையே கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள், அவர்களே தேடிப் போகும்படி எதையாவது திறந்துவிடுங்கள் என்று அங்கே சொன்னார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னதால் பாதிதான் காதில் விழுந்தது. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு மறுநாள் முதலாண்டு வகுப்புக்குப் போனேன்.

“இந்தத் தடவை கைடு வேண்டாம். உங்க வீட்டைச் சுத்தி மாறிக்கிட்டே இருக்கற ஏதாவது ஒண்ணைப் பாருங்க. ரெண்டு வாரம் அளந்து எழுதுங்க. அப்புறம் அதைப் பத்தி ஒரு கேள்வி கேளுங்க. விடை வேண்டாம், கேள்விதான் வேணும்” என்றேன்.

வகுப்பு திருதிருவென விழித்தது.

“மேடம், எத்தனை பக்கமுங்க?”

“எத்தனை வேணாலும்.”

“எந்த யூனிட்டுங்க மேடம்?”

“எந்த யூனிட்டும் இல்ல.”

“கேள்வி தப்பா இருந்தா மார்க் கொறைப்பீங்களா?”

கேள்வி தப்பாக இருக்க முடியுமா? அன்று பஸ்ஸில் எனக்குத் தூக்கம் வரவில்லை. மல்லூர் தாண்டும்போது முடியும் என்று தோன்றியது, சீலநாயக்கன்பட்டி வரும்போது முடியாது என்று தோன்றியது. இறங்கும்போது, இதை ஏன் ஆரம்பித்தோம் என்றுதான் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து நோட்டுகள் வந்தன. டிப்ளமோ பிள்ளைகளுக்கு லேப் ரெக்கார்டு எழுதிப் பழகிய கை. நோக்கம், தேவையான கருவிகள், செய்முறை, அட்டவணை, முடிவு என்று கட்டம் கட்டித்தான் எதையும் எழுத வரும். ஒருவன் கோழிப்பண்ணையில் முட்டை அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உயரம் அளந்திருந்தான். பத்து அட்டையின் உயரத்தைப் போல இருபது அட்டை ஏன் இரண்டு மடங்கு வருவதில்லை என்பது அவன் கேள்வி. அருமையான கேள்வி. ஆனால் கடைசியில், ‘முடிவு: இவ்வாறாகக் கேள்வி கண்டறியப்பட்டது’ என்று எழுதி, அடியில் இரட்டைக் கோடு போட்டிருந்தான். இன்னொருத்தி தன் போனில் சார்ஜ் ஏறுவதை அளந்திருந்தாள். தேவையான கருவிகள்: போன், சார்ஜர், கரண்ட். பதினோரு பேர் ஒரே பேருந்தின் கூட்டத்தை, ஒரே எண்களோடு, ஈயடிச்சான் காப்பி அடித்திருந்தார்கள். சிரிப்பதா, அழுவதா, மார்க் போடுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

துறைத் தலைவர் எட்டிப் பார்த்தார். நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் ஒரு கட்டத்துக்குள் போட்டால்தான் அவருக்கு மூச்சு வரும்.

“மேடம், இண்டர்னல் மார்க் ஏத்தறப்ப இதை எந்தத் தலைப்புல ஏத்தறது? இதுக்கு ஒரு கட்டமே இல்லீங்களே.”

“வீட்டுப்பாடம்னு போடுங்க சார்.”

“எதை வெச்சு மார்க் குடுப்பீங்க?”

“அதைத்தான் நானும் யோசிச்சிட்டிருக்கேன்.”

அவர் என்னைப் பாவம் போலப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்த அடுக்கில் ஒரு நோட்டு மட்டும் என் குழப்பத்தைத் தீர்த்து வைத்தது. அப்படித்தான் அன்று நினைத்தேன். எலக்ட்ரிக்கல் பிரிவில் படிக்கும் ஒரு பெண்ணின் நோட்டு. நாமகிரிப்பேட்டைப் பக்கம் தோட்டத்துக்குள் வீடு. அவள் வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். அவர்கள் தோட்டத்து போர்வெல்லில் மோட்டார் கொஞ்ச நேரம் ஓடியதும் தண்ணீர் தீர்ந்து காற்று வாங்க ஆரம்பிக்கும். நிறுத்திப் போட்டால் தண்ணீர் ஊறும், மறுபடி ஓட்டலாம். எத்தனை மணி நேரம் நிறுத்திப் போட்டால் எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று பதினான்கு நாள் அளந்திருந்தாள். மூன்று மணி நேரத்துக்குப் பதினேழு நிமிடம், ஆறு மணி நேரத்துக்கு முப்பது, பன்னிரண்டுக்கு நாற்பத்தைந்து, ஒரு முழு நாளுக்கு ஐம்பது. ‘இரண்டு மடங்கு காத்திருந்தால் ஏன் இரண்டு மடங்கு ஓடுவதில்லை? ஒரு வாரம் காத்திருந்தால் எவ்வளவு ஓடும்?’ இதுதான் கேள்வி.

பதினான்கு புள்ளிகளும் ஒரு வளைகோட்டின் மேல் பிசிறில்லாமல் உட்கார்ந்திருந்தன. முதலில் விறுவிறுவென ஏறி, போகப் போகத் தளர்ந்து, ஐம்பதுக்குப் பக்கத்தில் கிடையாகப் படுத்துவிடும் கோடு. வகையீட்டுச் சமன்பாடு பாடத்தில் வருடாவருடம் நான் கரும்பலகையில் போடுகிற அதே கோடு. இருபது வருடமாகப் போடுகிறேன், ஒரு தடவைகூட அது எங்கேயாவது மண்ணுக்குள் இருக்கிறது என்று நினைத்ததில்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. சிவப்புப் பேனாவை எடுத்து, ஐம்பது நிமிடத்துக்கு நேராக ஒரு புள்ளிக்கோடு போட்டேன். ‘கோடு இதைத் தாண்டாது’ என்று பக்கத்தில் எழுதி, பத்துக்குப் பத்தும் போட்டேன். வகுப்பில் அதை எல்லாருக்கும் காட்டி அரை மணி நேரம் பேசினேன். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டே இருந்தாள். கூச்சம் என்று நினைத்தேன்.

பத்து நாள் போயிருக்கும். ஒரு வியாழக்கிழமை, இரண்டாவது பீரியடு முடிந்து ஸ்டாஃப் ரூமுக்கு வந்தால் என் மேசைக்கு எதிரே வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் நின்றுகொண்டிருந்தார். நாற்காலி காலியாக இருந்தும் உட்காரவில்லை. கையில் அந்த நோட்டு.

“கும்புடறேனுங்க டீச்சர். நான் அந்தப் புள்ளையோட அப்பனுங்க.”

ஏதோ புகார் என்று நினைத்தேன். உட்காரச் சொன்னேன். அவர் உட்கார்ந்து நோட்டைப் பிரித்து, என் சிவப்புப் புள்ளிக்கோட்டின்மேல் விரலை வைத்தார்.

“இது நீங்க போட்டதுங்களா?”

“ஆமாங்க.”

“நான் லாரி ஓட்டறேனுங்க. லோடு ஏத்திக்கிட்டு வடக்க போயிட்டு முந்தாநேத்துத்தான் வந்தேன். புள்ள இதைக் காட்டுச்சு. மூணு ஏக்கரா மஞ்ச நிக்குதுங்க, அஞ்சு மாசப் பயிரு. அம்பது நிமிசத் தண்ணி அதுக்குப் பத்தாது. எத்தனை நாளு வுட்டு வெச்சாலும் இந்த போரு அம்பதைத் தாண்டாதுன்னு நீங்களே கோடு போட்டுட்டீங்க. அதான் புதுசா ஒரு போரு ஓட்டிரலாம்னு தொளை போடற ரிக் வண்டிக்குச் சொல்லிட்டனுங்க. திங்கக்கெழமை வாரேன்னுட்டாங்க. அதுக்கு முன்னால உங்க வாயால ஒரு வார்த்த கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். தாண்டவே தாண்டாதுங்களா?”

நான் நகரத்துக்காரி. எனக்குத் தண்ணீர் என்றால் குழாயில் வருவது, வராவிட்டால் லாரியில் வருவது. மஞ்சளுக்கு எத்தனை நாளைக்கு ஒரு தண்ணீர் விட வேண்டும் என்றுகூடத் தெரியாது. அவர் கண் என் வாயைப் பார்த்தபடி இருந்தது. புது போர் ஓட்டினால் தண்ணீர் வருமா என்றாவது கேட்கலாம் என்று கேட்டேன்.

“அது எப்படீங்க சொல்றது? முன்னால ரெண்டு போட்டோம், ரெண்டும் வெறும் புழுதி. இதுவும் அப்படி ஆயிருச்சுன்னா மஞ்சளும் போச்சு, ரிக்குக்குப் போட்டதும் போச்சு. அதனாலதான் கேக்கறேன்.”

“எனக்குத் தெரியலீங்க” என்றேன்.

அவர் முகத்தில் கோபமே இல்லை. நிஜமாகவே புரியவில்லை அவருக்கு.

“பத்துக்குப் பத்து போட்டிருக்கீங்களே டீச்சர்” என்றார். “தெரியாமயா போட்டீங்க?”

இருபது வருடத்தில் என்னை யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. விடை வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். விடை வேண்டிய ஒருவர் உலகத்தில் இருப்பார் என்று யோசிக்கவே இல்லை. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு வரச் சொல்லி ஆள் அனுப்பினேன். அளவுகளை ஒரு தடவை சரிபார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று சாக்குச் சொன்னேன்.

அவள் வாசலில் வந்து நின்றதும் அப்பாவையும் நோட்டையும் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

“இதோட ரஃப் காயிதம் எங்க சாமி? முதல்ல எதுல எழுதின?” என்றேன். அந்தப் பக்கத்தில் வேலை பார்த்துப் பார்த்து ‘சாமி’ எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

“அம்மாதானுங்க அளந்தாங்க. நான் காலேஜு வந்துருவனுங்களே. காலண்டர்ல தேதிக் காயிதம் கிழிச்சுப் பின்னால எழுதி வெச்சாங்க. நான் நோட்டுல ஏத்தினேன்.”

“அப்படியேதான ஏத்தின?”

அப்பா ஒரு தடவை, “சொல்லு அம்மிணி” என்றார். அதற்குப் பிறகு அழுகையோடு வந்தது.

“மூணு நாளுது மட்டும் நான் ரீடிங் போட்டதுங்க மேடம்.”

ரீடிங் போடுவது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பாலிடெக்னிக்கில் படித்த, படிப்பிக்கிற எல்லாருக்கும் தெரியும். லேபில் ரிசல்ட் என்ன வர வேண்டும் என்று சீனியர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். அளந்தது அதோடு ஒத்துப்போகாவிட்டால், ஒத்துப்போகிற மாதிரி ஓர் எண்ணை எழுதிக்கொள்வார்கள். அதற்குப் பெயர் ரீடிங் போடுவது. யாரும் அதைப் பொய் என்று நினைப்பதில்லை, போட்டோவுக்கு நிற்கும் முன் சட்டையை இஸ்திரி போடுவதைப் போல ஒரு சுத்தம் அவ்வளவுதான். பார்த்தும் பார்க்காத மாதிரி லேப் வாத்தியார்களும் கையெழுத்துப் போடுவார்கள். நான் கணக்கு வாத்தியார், எனக்கு லேப் கிடையாது, இந்த வேலை என் பக்கம் வராது என்று இருந்துவிட்டேன்.

“எந்த மூணு நாள்? ஏன்?”

“பன்னெண்டு மணி நேரத்துக்கு நாப்பத்தஞ்சு வரோணுங்க. அந்த மூணு நாளு எம்பத்தஞ்சு, தொண்ணூறு, எம்பதுன்னு அம்மா எழுதியிருந்தாங்க. மணி பாக்காம வுட்டுட்டாங்கன்னு நெனச்சு நாப்பத்தஞ்சு, நாப்பத்தாறு, நாப்பத்தினாலுன்னு போட்டேன். நீங்கதான மேடம் சொன்னீங்க, கோட்டை வுட்டு ஒரு புள்ளி எங்கியோ நின்னுச்சுன்னா அளந்தது தப்புன்னு.”

சொன்னேன். கிராஃப் நடத்தியபோது சொன்னேன், எல்லா வருடமும் சொல்வேன். சொல்லும்போது கொஞ்சம் சிரிப்புக்காக, ‘கை நடுங்கியிருக்கும்’ என்றும் சேர்த்துக்கொள்வேன்.

அவள் அப்பா என்னையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்ப அளந்ததே பொய்யா?” என்றார்.

“இல்லீங்கப்பா. அம்மா அளந்தது நெசந்தான். நான் எழுதினதுதான்...”

அவர் போனை எடுத்து வீட்டுக்குப் போட்டு, சத்தமாகக் கேட்கும்படி மேசையில் வைத்தார். அந்த அம்மாவின் குரல் வந்தது. இவர் விஷயத்தைச் சொன்னார்.

“நான் மணி பாத்துத்தான் எழுதினேன். தொண்ணூறு நிமிசமும் மோட்டாரு பக்கத்துலயே நின்னேன். அந்த மூணு நாளும் மேக்கால டிரான்ஸ்பார்மர் எரிஞ்சு போச்சுல்ல, அவியளுக்குக் கரண்ட் இல்ல. அவிய மோட்டார் ஓடல. நம்முளுது ஓடுச்சு.”

“இத்தனை நாளா இதை ஏன் சொல்லல?”

“யாரு கேட்டீங்க?” என்றது போன்.

அவர் போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். “செரீங்க டீச்சர். வாரனுங்க” என்று எழுந்தார். ஏன் திடீரென்று பேச்சை முறித்தார் என்று எனக்குப் பிடிபடவில்லை. அவர் படியிறங்கியதும் அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள்.

“மேக்காலத் தோட்டம் பெரியப்பாவோடதுங்க மேடம். அப்பாவோட சொந்த அண்ணன். வரப்புல தகராறு ஆகி ஆறு வருசமா ரெண்டு ஊட்டுக்கும் பேச்சு இல்லீங்க. அவிய போரு எங்க போருக்கு அம்பதடி தள்ளி. த்ரீ பேஸ் கரண்ட் வந்தா ரெண்டு மோட்டாரும் ஒண்ணாத்தான் ஓடும்.”

நான் பார்த்துச் சிலிர்த்த கோடு மண்ணின் கோடு இல்லையா? இரண்டு அண்ணன் தம்பிகள் ஒரே நேரத்தில் ஒரே தண்ணீரை இழுத்துக்கொண்டிருந்த கோடா? அப்படியானால் புது போர் ஓட்டி என்ன ஆகும், மூன்றாவதாக ஒரு வாய் அதே தண்ணீரைக் குடிக்கும். ஆனால் இதையும் எப்படி நம்புவது? அந்த மூன்று நாளில் ஒரு நாள் மழை பெய்ததாம். மூன்றே மூன்று புள்ளி. தற்செயலாகவும் இருக்கலாம். முன்பு பதினான்கு புள்ளியைப் பார்த்து ஒரு குடும்பத்தின் தலையில் கோடு போட்டேன். இப்போது மூன்று புள்ளியைப் பார்த்து அழிப்பதா?

“உங்க பெரியப்பா மோட்டாரை மூணு நாள் நிறுத்திட்டு உங்களுதை ஓட்டிப் பார்த்தா தெரிஞ்சிரும்” என்றேன். எக்ஸ் என்று வைத்துக்கொள்வோம் என்று சொல்வது மாதிரி அத்தனை சுலபமாகச் சொன்னேன்.

அந்தப் பெண் அழுகையிலும் சிரித்துவிட்டாள். “அப்பா போயி கேப்பாருங்களா மேடம்!”

மறுநாள் காலை அவள் என் மேசைக்கு வந்து, அம்மா ஒன்று கேட்கச் சொன்னதாகச் சொன்னாள். “காலேஜுல இருந்து ஒரு லெட்டர் வேணுங்களாம். பெரியப்பா பேருக்கு. தண்ணின்னு போய்க் கேக்க முடியாதாமா. புள்ளைக்கு வீட்டுப்பாடம்னா கேக்கலாமாமா.”

நான் பேந்தப் பேந்த விழித்தேன். பிறகு உட்கார்ந்து எழுதினேன். போனஃபைடு சான்றிதழ் எழுதும் பழக்கத்தில் ‘ஐயா’ என்றே ஆரம்பித்தது. ‘தங்கள் தம்பி மகள், முதலாண்டு மாணவி, கணிதப் பாடத்திற்கான வீட்டுப்பாடம் செய்துவருகிறார். இதன்பொருட்டுத் தங்கள் தோட்டத்து மோட்டாரை மூன்று நாட்கள் இயக்காமல் ஒத்துழைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.’ துறைத் தலைவரிடம் கையெழுத்துக்கு நீட்டினேன். அவர் இரண்டு தடவை படித்தார்.

“மேடம், இது நம்ம வேலைங்களா?”

“தெரியல சார்.”

“எனக்கும் தெரியல. நீங்களே போட்டுருங்க” என்று ரப்பர் ஸ்டாம்பை மட்டும் என் பக்கம் தள்ளினார். கையெழுத்துப் போட்டு, ஸ்டாம்பை இரண்டு தடவை அழுத்திக் குத்தினேன்.

லெட்டரை எடுத்துக்கொண்டு அந்த அம்மா, ஆறு வருடத்துக்குப் பிறகு, வரப்பைத் தாண்டி அந்தப் பெரியப்பா வீட்டுக்குப் போனாராம். மூத்தார் லெட்டரை வாங்கிப் படித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாராம். அவர் மனைவிதான், “புள்ள படிப்புக்குன்னா என்ன, மூணு நாளுதான” என்றாராம். ரிக் வண்டிக்காரரிடம் அப்பா ஒரு வாரம் தள்ளி வரச் சொன்னார். ஏன் தள்ளுகிறார் என்று வீட்டில் அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

அந்த ஒரு வாரம் நான் வகுப்பில் என்ன நடத்தினேன் என்று நினைவில்லை. பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருப்பது போல் இருந்தது. யாருக்கு ரிசல்ட் என்பதுதான் குழப்பம். தண்ணீர் நன்றாக ஓடிவிட்டால் அவள் அப்பா அண்ணனிடம் போய் நிற்க வேண்டும், அதற்கு அவர் மனம் ஒப்புமா? ஓடாவிட்டால் ரிக் வண்டி வரும், அது மறுபடி புழுதியைத் தோண்டினால்? எது நடக்க வேண்டும் என்று சாமி கும்பிடுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் அம்மாபேட்டை வந்ததும் தெரியாமல் ஒரு நிறுத்தம் தள்ளிப் போய் இறங்கினேன்.

அடுத்த வியாழக்கிழமை அந்தப் பெண் வந்தாள். நோட்டு இல்லை. தேதிக் காயிதங்களை ஒரு கிளிப்பில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள்.

“இந்தத் தடவ ஏத்தலீங்க மேடம். அப்படியே எடுத்துட்டு வந்துட்டேன்.”

ஒவ்வொன்றாகப் புரட்டினேன். முன்பக்கம் ராகு காலம், எமகண்டம். பின்பக்கம் பென்சிலில் அந்த அம்மாவின் பெரிய பெரிய எழுத்து. முதல் நாள், பன்னிரண்டு மணி நேரம் நிறுத்தியது, ஓடியது அறுபத்திரண்டு நிமிடம். இரண்டாம் நாள் எண்பத்தொன்று. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் ஐம்பத்தெட்டு.

“மூணாம் நாள் ஏன் குறைஞ்சுது?”

“தெரியலீங்க மேடம்.”

எனக்கும் தெரியவில்லை. இன்றுவரை தெரியாது. அதே ஓய்வு, அதே மோட்டார், மேற்கே ஓடவில்லை, மழை இல்லை. எந்தக் கோட்டிலும் உட்கார மாட்டேன் என்று அந்த ஐம்பத்தெட்டு நின்றது. நாற்பத்தைந்தை விட அதிகம், அவ்வளவுதான் சொல்ல முடியும். இதை வைத்து ரிக் வேண்டும் என்றும் சொல்ல முடியாது, வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. அழுகை வரும்போல இருந்தது. ஒரு பெரிய மனிதரின் மோட்டாரை மூன்று நாள் நிறுத்த வைத்து, அவர் பயிரையும் காயப்போட்டு, கடைசியில் கையில் இருப்பது இதுதானா என்று என்மேலேயே கோபம் வந்தது.

“இன்னும் இருக்குங்க மேடம்” என்றாள்.

அடியில் நான்காம் நாள் காயிதம் இருந்தது. மூன்று நாள்தான் லெட்டரில் கேட்டிருந்தேன். ‘எழுபத்தொன்பது நிமிடம்’ என்று எழுதி, கீழே, ‘இன்னிக்கும் அவிய மோட்டார் போடல. நாங்க கேக்கல’ என்று இருந்தது.

“அவங்க மோட்டார் ரிப்பேரா?”

“இல்லீங்க மேடம். நல்லாத்தான் இருக்குது. சும்மாதான் நிறுத்தியிருக்காங்க.”

“அப்பா பார்த்தாரா?”

“பாத்தாருங்க. கரண்ட் வந்ததுல இருந்து வரப்புலயே நின்னு அந்தப் பக்கம் பாத்துட்டு இருந்தாரு. ரிக்குக்காரங்க போன் பண்ணாங்க, எடுக்கல.”

ஐந்தாம் நாள் காயிதத்தைப் புரட்டினேன். அந்த அம்மாவின் எழுத்து இல்லை. நீலப் பேனாவில், லாரி லோடு சீட்டு எழுதிப் பழகிய சாய்ந்த எழுத்து. நிமிடம் என்று போட்டிருந்த இடம் காலியாக இருந்தது. அதற்குக் கீழே ஒரே வரிதான்.

‘இன்று நாம் போடவில்லை. அண்ணன் ஓட்டட்டும்.’